பஞ்சு பெண்பால்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு கிளம்ப எட்டு நாள் இருந்தபோதுதான் அரவிந்தவல்லி அந்தத் தப்பைக் கண்டுபிடித்தாள். சிவகாசியிலிருந்து லேபிள் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. மாதிரிக்கு ஒன்றை உருவி, ஃபைலில் வைக்கப் போனவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். நீல மையில், பெரிய ரஷ்ய எழுத்தில், 'ஸ்தெரீல்னி வாத்தா' என்று இருந்தது. கிருமி நீக்கிய பஞ்சு என்று பொருள். பொருள் வந்துவிட்டது என்றாலும், தமிழில் 'அவன் வந்தாள்' என்று எழுதினால் எப்படிக் காதில் விழுமோ அப்படி இருந்தது அது.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு ஆடியில். ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டின் மேல் இருந்த பேண்டேஜ் தொழிற்சாலை ஒன்றில் வல்லி டைப்பிஸ்ட். வயது இருபத்தெட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் அண்ணன் நம்பியின் வீட்டில் இருந்துகொண்டு, தினமும் காலை எட்டேகால் பஸ்ஸில் வந்துபோவாள். இருபத்தொரு வயதில் அவளை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாவது வருஷம் மஞ்சள் காமாலையில் கணவன் போனான். ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால், எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வீட்டுக்குள் போய், கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்புவார்கள். அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கு முதல் சோவியத் ஆர்டர் வந்ததிலிருந்து, ஆங்கிலக் கடிதங்களோடு ரஷ்ய மூலமும் இணைத்து வரும். அந்த எழுத்துகளை வல்லிக்குப் பிடித்துப்போயிற்று. சென்னையில் யாரோ தபாலில் ரஷ்யப் பாடம் நடத்துவதாக விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டாள். சாயங்கால வேளைகளில் சிற்றலை ரேடியோவில் மாஸ்கோக்காரர்கள் மெதுவாகப் பேசிக் காட்டுவதைக் கேட்டு, திருப்பிச் சொல்லிப் பழகினாள். எதற்காகப் படிக்கிறாய் என்று மன்னி கேட்டாள். வல்லிக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் சொல்லவில்லை. அந்த மொழியில் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த மொழிக்கு ஒரு வினோதம் உண்டு. அதில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேஜை ஆண். புத்தகம் பெண். ஜன்னல் இரண்டுமில்லாதது. பெரும்பாலும் சொல்லின் வாலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். 'தெல்' என்ற விகுதி ஒட்டி ஆசிரியன், எழுத்தாளன் என்று வந்தால் ஆண்பால். 'நியே' என்று முடிகிற தொழிற்பெயர்கள் இரண்டிலும் சேராதவை. தமிழில் 'மை' போட்டு இளமை, பெருமை என்று ஆக்குவதுபோல, அவர்கள் 'ஒஸ்த்' போட்டுக் குணங்களுக்குப் பெயர் ஆக்குவார்கள். அப்படி ஆன சொல்லெல்லாம் பெண்பால். இளமை பெண்பால். மகிழ்ச்சி பெண்பால். துணிச்சலும் பெண்பால்தான் என்று படித்த அன்று, வல்லி நோட்டில் அந்தச் சொல்லை நாலு தரம் எழுதிப் பார்த்தாள்.

பெயருக்கு முன்னால் வருகிற அடையும் அந்தப் பாலுக்குத் தக்க வாலை மாற்றிக்கொள்ள வேண்டும். பேண்டேஜ் அவர்களுக்கு ஆண்பால். அதனால் பேண்டேஜ் லேபிளில் 'ஸ்தெரீல்னி' சரி. பஞ்சு பெண்பால். அங்கே 'ஸ்தெரீல்னயா' என்று வர வேண்டும். நடந்தது இதுதான்: பழைய பேண்டேஜ் லேபிளை எடுத்து, அகராதி பார்த்து 'பேண்டேஜ்' இருந்த இடத்தில் 'பஞ்சு' என்று போட்டு, மற்றதை அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பியிருந்தார் மேனேஜர் ராஜரத்தினம்.

வல்லி லேபிளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு. ஸ்தெரீல்னயான்னு இருக்கணும்."

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். ஒழுங்கான மனுஷர், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். தன் வேலையில் தப்பு என்று யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

"பேண்டேஜ் லேபிள்ல ஸ்தெரீல்னின்னுதானம்மா இருக்கு? மூணு வருசமா அதான போயிட்டிருக்கு. ஒரு புகார் வந்துச்சா?"

"பேண்டேஜ் ஆண்பால் சார். பஞ்சு பெண்பால்."

பக்கத்து மேஜைக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. "பஞ்சு பொம்பளையாம்லய்யா!" என்று அவர் சொன்னதும் ஆபீஸே சிரித்தது. ராஜரத்தினம் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. "நாற்பதாயிரம் லேபிள் அடிச்சாச்சு. போய் வேலையப் பாருங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் விஷயம் பேக்கிங் செக்‌ஷன் வரைக்கும் போய்விட்டது. அங்கே மேஸ்திரி பரிபூரணம், சேத்தூரிலிருந்து வருகிறவள், நாற்பது வயது, வாய்க்குப் பயப்படாதவள்.

"ஏம்மா வல்லி, பஞ்சு பொம்பளைன்னியாமே, நெசமா?"

"அந்த ஊர்ல அப்படித்தான்க்கா."

"அப்ப மேசை?"

"ஆம்பளை."

"இந்த மெஷினு?"

"பொம்பளை."

"வேலை?"

"அதுவும் பொம்பளைதான்."

"அதச் சொல்லியா தெரியணும்!" என்றாள் பரிபூரணம். செக்‌ஷனில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வல்லிக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டில் அண்ணனிடம் சொன்னாள். நம்பி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். இலக்கணம் என்றால் சாப்பாடு மறந்துவிடும். ஆனால் இந்த இலக்கணம் அவருக்குச் செரிக்கவில்லை.

"அஃறிணைக்கு ஏதுடி ஆண்பால் பெண்பால்? ஒன்றன்பால், பலவின்பால், அவ்வளவுதான். மேஜைக்கு மீசை முளைச்சிருக்கா என்ன?"

"அவா அப்படித்தான் பேசறா அண்ணா."

"பேசிண்டு போறா. உனக்கென்ன வந்தது? மேனேஜர் சொன்னா விட்டுட வேண்டியதுதானே?"

விட்டுவிடலாம்தான். அன்றைக்கு முழுக்க அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் பஸ்ஸில் வரும்போது, எங்கோ பனி கொட்டுகிற ஊரில் ஒரு நர்ஸ் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, முதல் வரியைப் படித்துச் சிரித்துவிட்டு ஓரமாகத் தூக்கி வைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பொட்டலத்தை இறுக்கிக் கட்டியது பரிபூரணமும் அந்த இருபது பேரும். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவள் தீர்மானித்துவிட்டாள்.

முதலாளி குருசாமி ராஜா ஒன்பதரைக்கு வருவார். கார் கதவு திறக்கும்போது வல்லி வாசலில் நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். பஞ்சு லேபிள் விஷயம்."

"ராஜரத்தினம் சொன்னாரும்மா" என்று நடந்துகொண்டே சொன்னார் முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "ஒரு எழுத்துதான? அவங்களுக்குப் புரியாதா?"

"புரியும் சார். நம்ம ஊர் மருந்துக்கடையில ஒரு பொட்டலம் வாங்கறீங்க. அதுல 'சுத்தமானவன் பஞ்சு'ன்னு அச்சடிச்சிருக்கு. உங்களுக்கும் புரியும். ஆனா பிரிச்சுப் புண்ணுல வைப்பீங்களா? அச்சையே கவனிக்காதவன் பஞ்சை மட்டும் ஒழுங்கா அவிச்சிருப்பானான்னு தோணாதா?"

முதலாளி நின்றார். வாட்ச்மேன் திறந்த கேட்டை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?"

"நாளைலேருந்து வேலைக்கு வரல சார்."

"அதெல்லாம் பெரிய பேச்சும்மா" என்றார் அவர். ஆனால் உள்ளே போனதும் சென்னையில் இருந்த சோவியத் வர்த்தக அலுவலகத்துக்கு டிரங்க் கால் புக் பண்ணச் சொன்னார்.

லைன் கிடைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் வல்லி டைப் அடித்த எதிலும் ஒரு வரிகூடச் சரியாக இல்லை. ரேடியோவோடு பேசியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் பேசியிருக்கிறாள். பதில் சொல்லக்கூடிய ஓர் ஆளிடம் ரஷ்யனில் பேசியதே கிடையாது. மணி அடித்தபோது முதலாளி ரிசீவரை அவளிடம் நீட்டினார். ராஜரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல், கரகரப்பாக, அவசரமாக. முதல் வாக்கியம் வல்லிக்குப் புரியவே இல்லை. "மெதுவாகப் பேசுங்கள், தயவுசெய்து" என்று முதல் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். பிறகு அந்தக் குரல், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பேசியது. வல்லி பஞ்சைப் பற்றிக் கேட்டாள்.

"வாத்தா... ஸ்தெரீல்னயா. நிச்சயமாக! ஏன், எப்படி அச்சடித்தீர்கள்?"

வல்லி சொன்னாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அறையில் நின்ற இருவருக்கும் அது கேட்டது. சிரித்து முடித்துவிட்டு அவள் கறாராகச் சொன்னாள்: போன மாதம்தான் வேறோர் ஊரிலிருந்து வந்த சரக்கு லேபிளுக்காகவே நின்றுபோயிற்று. இந்த ஒரு தடவை திருத்தச் சீட்டு ஒட்டி அனுப்பலாம். நாற்பதாயிரத்திலும் ஒன்று விடாமல் ஒட்ட வேண்டும். கடைசியாகக் கேட்டாள்:

"யார் பேசுவது? நீங்கள் பெரெவோச்சித்ஸாவா?"

மொழிபெயர்க்கிறவன் என்ற சொல்லின் வாலை மாற்றிப் பெண்ணாக்கிய சொல் அது. வல்லிக்குத் தெரிந்த சொல்தான். பாடத்தில் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அதைத் தன் தலையில் யாராவது வைப்பார்கள் என்று நினைத்ததில்லை. ஐந்தாறு வருஷமாக ஊர் அவளுக்கு வைத்திருந்தது வேறு ஒரு சொல்.

"தா" என்றாள். ஆமாம் என்று அர்த்தம்.

"என்னம்மா தா தான்னு கேக்க? என்ன தரணுமாம்?" என்றார் ராஜரத்தினம் கலவரமாக.

வல்லி ரிசீவரை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். முதலாளி ராஜரத்தினத்தைப் பார்த்தார். ராஜரத்தினம் தரையைப் பார்த்தார். "தப்பு என்னுதுதான்" என்றார். சீட்டுக்கு வழி தேடி வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அவர்தான்.

சிவகாசியில் எல்லா அச்சகங்களும் காலண்டர் வேலையில் மூழ்கியிருந்தன. கடைசியில் உள்ளூர் பஜாரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற சங்கிலிப்பாண்டி ஒப்புக்கொண்டார். தேவை இரண்டே எழுத்து. முதல் எழுத்து ஆங்கில 'ஏ' போலவே இருக்கும். இரண்டாவது, 'ஆர்' எழுத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி. "கண்ணாடியில தெரியற ஆர் மாதிரில்லா இருக்கு. பாக்குறவன் நான் வேலை தெரியாதவன்னு சொல்லிரப்போறான்" என்று அலுத்துக்கொண்டே அழகாக வெட்டிக் கொடுத்தார்.

பேக்கிங் செக்‌ஷனில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் முத்திரை குத்த, நாலு பேர் நறுக்க, மற்றவர்கள் பசை தடவி ஒட்டினார்கள். ராஜரத்தினமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முத்திரை குத்த உட்கார்ந்தார்.

"இத எப்படிப் படிக்கணும்?" என்று கேட்டாள் பரிபூரணம், ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து.

"அயா."

"ஐயாவா? பொம்பளைக்குப் போடுறது ஐயாவா?" பரிபூரணம் பசைக் கையோடு எழுந்து நின்றாள். "கேட்டியளாட்டி? அந்த ஊர்ல பொம்பளைய ஐயாங்கணுமாம்!"

அன்றிலிருந்து நாலு நாளும் அங்கே எல்லாரும் ஐயாதான். "ஐயா, அந்தப் பசையத் தள்ளு." "ஐயாவுக்குத் தண்ணி வேணுமாம்." ராஜரத்தினத்தை மட்டும், வாலை மாற்றாமல், சார் என்றே கூப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை லாரி கிளம்பியது. ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை.

அடுத்த மாதமே வல்லியின் மேஜை டைப்ரைட்டரோடு முதலாளி அறைக்குப் பக்கத்து அறைக்கு மாறியது. ரஷ்யக் கடிதங்களெல்லாம் முதலில் அவளிடம் வந்தன.

தை மாதம் அந்தக் கரகரப்புக் குரல் நேரிலேயே வந்தது. பெயர் தமாரா பவ்லவ்னா. ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, வெயிலில் சிவந்த முகம். சரக்கைச் சோதிக்க வந்தவள் இரண்டு நாள் பஞ்சையும் துணியையும் பிய்த்துப் பார்த்தாள். பரிபூரணம் அவளுக்கு 'அயா' கதையை வல்லி மூலமாகச் சொன்னபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளி காரை அனுப்பினார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போய், "உன் வீடு எங்கே?" என்று கேட்டாள். நாலு வீடு தள்ளித்தான் இருந்தது.

சனிக்கிழமை. நம்பி வீட்டில் இருந்தார். வெள்ளைக்காரி ஒருத்தி தன் வீட்டுக் கூடத்துக்குள் வருவாள் என்று அவர் கனவிலும் எண்ணியதில்லை. மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். மன்னி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியருகே நின்றாள்.

தமாரா சுற்றிலும் பார்த்துவிட்டு, "உங்கள் தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டாள். வல்லி கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"யதிராஜன்" என்றார் நம்பி.

"அப்படியானால் எங்கள் ஊரில் இவள் யதிராஜவ்னா. நீங்கள் யதிராஜவிச்."

நம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதென்ன, மகளுக்கு ஒரு விகுதி, பிள்ளைக்கு ஒரு விகுதியா? சமஸ்கிருதத்துலயும் அப்பா பேர்லேர்ந்து பிள்ளை பேர் பண்றது உண்டுன்னு சொல்லு." வல்லி சொன்னாள். தமாராவுக்கு அது தெரியாது. விவரம் கேட்டாள். காப்பி ஆறிப்போகிறவரை அண்ணன் இலக்கணம் சொல்ல, தங்கை வார்த்தை தேடித் திணறி, எப்படியோ ஒப்பேற்றினாள்.

பிறகு தமாரா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரே நம்பியைப் பார்த்துப் பேசினாள். வல்லி உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"புரட்டாசியில மாஸ்கோவுல ஒரு கண்காட்சியாம். எங்க முதலாளியும் அவர் ஆத்துக்காரியும் போறா. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணுமாம். அவளை அனுப்புவேளான்னு கேக்கறா."

"எவளை?"

"என்னை."

நம்பி சுவரைப் பார்த்தார். மன்னியைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நம்ம நிலைமையைச் சொல்லு. அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. விதவைன்னு சொல்லு."

வல்லி வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கூடத்தில் அதைக் கண்டுபிடிக்க யாருமில்லை. யாருக்கும் எதுவும் தெரியாத மொழி என்றுதான் அதைப் படிக்கத் தொடங்கினாள். அவள் தமாராவின் முகத்தைப் பார்த்து, உள்ளது உள்ளபடி, "அண்ணா சொல்கிறார், நான் வ்தவா" என்றாள்.

தமாரா தலையை அசைத்தாள். "நானும்தான். பதினோரு வருஷம் ஆயிற்று" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல நம்பியைப் பார்த்தாள்.

வல்லி அதைத் தமிழில் சொன்னாள். மன்னி முன்னால் வந்து தமாராவின் டம்ளரை எடுத்துக்கொண்டு, "வேற காப்பி சூடா கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

"அந்தச் சொல்லுக்கு ஆண்பால் உண்டா அவா பாஷையில?" என்று கேட்டார் நம்பி.

"உண்டு. வ்தவேத்ஸ். வ்தவாங்கற பெண்பாலோட ஒரு விகுதி சேர்த்துப் பண்ணினது."

"அப்போ பெண்பால்தான் மூலமா?"

"ஆமா. சாதாரணமா ஆண்பால்லேர்ந்துதான் பெண்பால் வரும். இது ஒண்ணு மாறி வந்திருக்கு."

நம்பி துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "நமக்கும் இருக்கு. தபுதாரன். பெண்டாட்டியை இழந்தவன். வருஷாவருஷம் பரீட்சைக்குச் சொல்லித் தரேன். ஆனா நம்ம தெருவுலயே நாலு பேர் இருக்கா. ஒருத்தரையும் யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை." அவர் கண் கலங்கியிருந்ததை வல்லி பார்த்தாள். அவரும் மறைக்கவில்லை. "அனுப்பறதுக்கு நான் யாரு? போறியான்னு உன்னையே கேக்கச் சொல்லு."

"என்னையே கேட்கச் சொல்கிறார்" என்று வல்லி மொழிபெயர்த்தாள்.

தமாரா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "அரவிந்தவல்லி யதிராஜவ்னா, உங்களுக்கு வர விருப்பமா?"

அவள் முதலில் ரஷ்யனில் பதில் சொன்னாள். பிறகு அண்ணனுக்காகத் தமிழில் சொன்னாள்: "போறேன் அண்ணா."

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று யாரையும் கேட்காமல் தானே டைப் அடித்தாள். புரட்டாசி முதல் வாரம் மதுரை ரயிலடிக்கு வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். ராஜரத்தினம் தன் தங்கை ஊட்டியில் பின்னிய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்தார். பரிபூரணம் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, "பனியில நமுத்துப்போகும், சீக்கிரம் தின்னுரு" என்றாள். வல்லி எதிரே நின்றும், எதையோ மறந்ததுபோல யாரும் திரும்பிப் போகவில்லை.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தாள். அதற்குப் பின் இரண்டு தடவை போனாள். தொண்ணூற்றொன்றின் கடைசியில் அந்த நாடே பல நாடுகளாகப் போய், ஆர்டர்கள் நின்றன. தொழிற்சாலை வேறு தேசங்களுக்குப் பஞ்சு அனுப்பப் பழகிக்கொண்டது. வல்லிக்கு ஒரு வருஷம் சிரமமாகத்தான் இருந்தது. பிறகு ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்கள் மொழிபெயர்ப்புக்காக ஒவ்வொன்றாக அவளிடம் வரத் தொடங்கின.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் ஒரு காலை, மகாராஜபுரத்திலிருந்து பிச்சையம்மாள் என்கிற விவசாயி வீட்டு அம்மாள் தன் மகளோடு வந்து, மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். "எம்புட்டு நாளாகும்மா?" என்று கேட்டாள். "இன்னைக்கே தரேன், உட்காருங்கோ" என்று சொல்லி, வல்லி ரஷ்ய டைப்ரைட்டரில் தாளைச் சொருகினாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க அப்பா பேரைச் சொல்லும்மா" என்றாள்.